முதல் நினைப்பு தானாக வரும், அடுத்ததை நாம் எடுக்கலாம்

(காட்சி: பின்னேரம், கொழுந்து நிறுக்கிற இடம். தராசில் சாக்கு தொங்குகிறது, பின்னால் பனி இறங்குகிறது.)

வணக்கம். இலங்கை மலையகத்தில், கொட்டகலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். மழை பெய்து ஓய்ந்த பின்னேரம். இங்கே முழுப்பேர், அதாவது ஒரு நாள் முழுச் சம்பளம், விழ 18 கிலோ கொழுந்து எடுக்க வேண்டும். இரண்டு பேர் அடுத்தடுத்து வரிசையில் நிற்கிறார்கள். சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்த பிறகு இரண்டு பேருக்கும் 16 கிலோதான், இரண்டு பேருக்கும் அரைப்பேர்.

ஒரே மலை, ஒரே மழை, ஒரே தராசு. ஆனால் லயத்துக்கு, எங்கள் வரிசை வீடுகளுக்கு, இறங்குகிற வழியில் முன்னால் போகிற அக்காவின் தலைக்குள் ஓடுவது, "எனக்கு வயசாகிருச்சு, இனி இந்தக் கை ஓடாது" என்ற நினைப்பு. அது வந்ததும் உடம்பு கனத்துப் போகிறது, ராத்திரி ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை, விடிந்தும் எழும்ப மனசில்லாமல், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போகாமல் படுத்துவிடுகிறார், அரைப்பேர் போன இடத்தில் அடுத்த நாள் முழுப்பேரும் போய்விடுகிறது. பின்னால் வருகிறவர் என் அம்மா. அவருக்கும் கோபம்தான், அழுகையும் வந்தது என்று பிறகு சொன்னார். ஆனால் அவர் பிடித்துக்கொண்ட நினைப்பு வேறு: "காலையில இருந்து மழை, இலை நனைஞ்சிருந்துச்சு. அதுக்கு எவ்வளவு கழிச்சாங்க?"

இது ஒரு கேள்வி, கேள்வி என்றால் அதற்கு அடுத்து செய்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அம்மா திரும்பிப் போய்க் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். 3 கிலோ என்றார்கள். வீட்டுக்கு வந்து என் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார்.

(காட்சி: திறந்த கொப்பி. நான்கு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்படுகின்றன.)

நினைப்பு, உணர்வு, செயல், விளைவு. இந்த வரிசையைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஒரு சம்பவம் நடந்த உடனே நமக்குக் கவலை வருகிறது என்று தோன்றும், ஆனால் சம்பவத்துக்கும் கவலைக்கும் நடுவில் ஒரு நினைப்பு ஓடுகிறது. அது அவ்வளவு வேகமாக ஓடுவதால் நாம் அதைப் பார்ப்பதே இல்லை.

அதைப் பார்த்த ஒருவர் ஆரன் பெக். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த மனநல மருத்துவர், 1921இல் பிறந்து 2021இல் நூறு வயதில் இறந்தார். 1960களில் மனச்சோர்வு வந்தவர்களுக்கு வைத்தியம் பார்க்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். வந்தவர்கள் அவரிடம் வாயால் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே வேறொரு ஓட்டம் இருந்தது: நான் உதவாதவன், இனி எதுவும் மாறாது, இப்படி. யாரும் கூப்பிடாமலே வருகிற இந்த நினைப்புகளுக்கு அவர் தானாக வரும் நினைப்புகள் என்றே பெயர் வைத்தார். அப்புறம் அவற்றை அப்படியே நம்பிவிடாமல், இதற்கு என்ன சாட்சி என்று நோயாளியோடு சேர்ந்து உட்கார்ந்து கேட்டார். இன்றைக்கு உலகம் முழுக்கப் பயன்படுகிற ஒரு பெரிய மனநல சிகிச்சை முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

சரி, கெட்ட நினைப்பை விரட்டிவிட்டு நல்லதை நினைத்தால் போதும்தானே என்று கேட்பீர்கள். அது முடியாது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொல்லி ஒருவனை மாட்டிவிட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதுவரைக்கும் குரங்கு நினைப்பே இல்லாதவனுக்கு மருந்துக் கோப்பையைத் தூக்கும்போதெல்லாம் குரங்கு வந்து நிற்கும். 1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவும் கிட்டத்தட்ட இதையே சோதித்துப் பார்த்தார்கள், குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. கரடியை நினைக்காதீர்கள், நினைத்தால் மணியை அடியுங்கள் என்றார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்று விட்டபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

அதனால் முதல் நினைப்பு வந்ததற்காக உங்களை நீங்களே திட்டாதீர்கள். கூடவே அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். அது வாசலுக்கு வந்துவிட்டது, வரட்டும். அதற்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோமா, இல்லை நின்றபடி பேசி அனுப்புகிறோமா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

(காட்சி: லயத்து வாசல், விளக்கு வெளிச்சம், ஒரு பையன் படிக்கிறான்.)

என் கதையைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதத்தில் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. பெறுபேறு வந்த அன்றைக்குத் தலையில் விழுந்த வாக்கியம் "எனக்குக் கணக்கு வராது". பார்ப்பதற்கு உண்மை மாதிரியே இருக்கும், அதுதான் அதனுடைய ஆபத்து. வெட்கம் வந்தது, கொப்பிகளைக் கட்டித் தூக்கிப் பரணில் போட்டேன், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போக ஆள் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை வேலையில் ஒரு குறைவும் இல்லை, எங்கள் லயத்தில் பாதி அண்ணன்மார் அப்படித்தான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். ஆனால் நான் போக நினைத்தது வேலைக்காக இல்லை, ஒளிந்துகொள்வதற்காக.

அப்போது பக்கத்து லயத்தில் ஆசிரியராக இருந்த ஒரு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "எது வராது? எழுதிக் காட்டு தம்பி" என்றார். எழுத உட்கார்ந்தால், பின்னம் வந்தது, சதவீதம் வந்தது, சமன்பாடு தட்டுத்தடுமாறி வந்தது. வராமல் நின்றது கேத்திர கணிதம். "எனக்குக் கணக்கு வராது" என்பது "எனக்குக் கேத்திர கணிதம் வராது, மற்றது அரைகுறையாக வரும்" என்று மாறியது. இரண்டாவது வாக்கியத்தில் இனிப்பு எதுவும் இல்லை, என்னால் எல்லாம் முடியும் என்ற பொய்யும் இல்லை. ஆனால் முதல் வாக்கியத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, இரண்டாவதை வைத்து அன்றைக்கு ராத்திரியே முக்கோணத்தில் தொடங்கலாம். 35 புள்ளி இருந்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி, அவ்வளவுதான் தேவை என்று தெரிந்ததும் மலை குன்றாகத் தெரிந்தது. அடுத்த முறை எஸ் வந்தது.

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். மனசு கனக்கிற நேரத்தில், தலைக்குள் ஓடுகிற வாக்கியத்தை ஓடுகிற மாதிரியே, கெட்ட வார்த்தை இருந்தால் அதோடு சேர்த்து எழுதுங்கள். அதில் எது நடந்தது, எது நீங்கள் சேர்த்தது என்று கோடு போடுங்கள். "அவர் போனை எடுக்கவில்லை" என்பது நடந்தது, "என்னை மதிக்கவில்லை" என்பது நாம் சேர்த்தது. எப்பவுமே, ஒருநாளும், எல்லாரும் என்ற சொற்கள் வந்தால் நின்று பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் நினைப்பு உண்மையைத் தாண்டிப் போயிருக்கும். கோபம் உச்சத்தில் இருக்கும்போது எழுத வராது, முகம் கழுவி மூச்சை மெதுவாக விட்டபின் எழுதுங்கள்.

இங்கே எனக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சம்பளம் குறைவாக இருப்பதும், லயத்துக் கூரை ஒழுகுவதும் நம் நினைப்பின் குற்றம் இல்லை. நினைப்பை மாற்று, எல்லாம் சரியாகும் என்று ஒரு தொழிலாளியிடம் சொல்வது அநியாயம். நான் சொல்வது வேறு. "நாங்க தோட்டத்து ஆளுங்கதானே, கேட்டா மட்டும் குடுத்திருவாங்களா" என்று என் அப்பாயி சொல்வார், அவருக்கு அவருடைய அம்மா சொல்லியிருப்பார். தலைமுறையாகக் கைமாறி வந்த நினைப்பு அது, அனுபவத்தில் அடிபட்டு வந்தது, அதனால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் 2018 ஒக்டோபரில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலி முகத்திடலில் கூடி நாளுக்கு 1000 ரூபா கேட்டார்கள். கேட்பது எங்கள் உரிமை என்ற நினைப்பு அவர்களை அங்கே நிறுத்தியது. உடனே கிடைக்கவில்லை. 2021இல்தான் 1000 ரூபா சட்டப்படி வந்தது, அதற்குள் சாமான் விலை ஏறிவிட்டது என்பதும் உண்மை. ஆனாலும் கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்று. வாரக்கணக்காகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ வேண்டாம் என்ற நினைப்பு வருகிறது என்றால் கொப்பியும் பேனையும் மட்டும் போதாது. 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். அது காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது மாதிரித்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

(காட்சி: மீண்டும் தராசு. ஒரு கை கொப்பியைப் பிரிக்கிறது.)

அம்மாவின் கொப்பியில் அன்றைக்கு ஒரு வரிதான் இருந்தது. இரண்டு மாதத்தில் ஆறு பக்கம் ஆனது: தேதி, மழையா வெயிலா, எடுத்த கிலோ, கழித்த கிலோ. வெயில் நாளிலும் 3 கிலோ கழித்தது அதில் தெரிந்ததும், நான்கு பேர் சேர்ந்து கொப்பியோடு போனார்கள். அந்த நான்கு பேரில் வயசாகிருச்சு என்று படுத்த அக்காவும் ஒருவர். நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போன் எடுத்தேன். நல்ல வெயிலாம். 19 கிலோ, கழிவு 1 என்றார்.