சிகாகோ சபையில் நுழைந்த பாட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

காஸ்பல் பாட்டு, அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களின் கிறிஸ்தவப் பக்திப் பாட்டு என்றதும் பலருக்கும் ஒரு காட்சி தோன்றும். நீள அங்கி அணிந்த கறுப்பினப் பாடகர் குழு, கைதட்டல், கூரை அதிரும் குரல். அடிமைக் காலம் தொட்டு அவர்கள் இப்படித்தான் பாடிவந்தார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த மரபுக்கு வேர் பழையதுதான். ஆனால் இன்று நாம் கேட்கும் காஸ்பல் உருவெடுத்தது 1930-களில், சிகாகோ நகரின் தெற்குப் பகுதியில். அங்கிருந்த பெரிய கறுப்பினக் கிறிஸ்தவச் சபைகள் பல, முதலில் அதை வேண்டாம் என்றே சொல்லின.

முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களை விட்டுக் கிளம்பினார்கள். பருத்திக் காட்டில் தீராத கடன், கும்பல் கொலை, ஓட்டுப் போடவும் வழியில்லை. மிசிசிப்பியில் ரயில் ஏறியவர்களில் ஏராளமானோர் சிகாகோவில் இறங்கினார்கள். இறைச்சித் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்தது. வீடு கிடைப்பதுதான் பெரும்பாடு. கறுப்பினத்தவருக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று பத்திரத்திலேயே எழுதி வைத்திருந்த தெருக்கள் உண்டு. அதனால் ப்ரான்ஸ்வில் என்ற பகுதியில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரு வீட்டைப் பல அறைகளாகத் தடுத்து, அறைக்கு ஒரு குடும்பம். கழிப்பறை எல்லாருக்கும் பொது.

இவர்களுக்குச் சபைதான் எல்லாம். எங்கே ஆள் எடுக்கிறார்கள், யார் வீட்டில் அறை காலி என்பதெல்லாம் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது தெரிந்துவிடும். வாரம் முழுக்க யார் வீட்டிலோ தரை துடைத்த பெண், ஞாயிறன்று வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, வருகிறவர்களை இருக்கைக்கு அழைத்துப்போவார். கோடைக்காலம் என்றால் கைக்குக் கை அட்டை விசிறி. அதன் பின்பக்கம் சவ அடக்கம் செய்யும் நிறுவனத்தின் விளம்பரம். போதகர் ஒரு வரி சொல்வார், சபை பதில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் ஏற ஏறப் போதகரின் பேச்சும் பாட்டாகிவிடும்.

ஆனால் வசதியான பெரிய சபைகளில் நிலைமை வேறு. அங்கே ஐரோப்பிய இசை, அடக்கமான ஆராதனை. தெற்கத்திக் கைதட்டலும் கூவலும் தங்கள் மதிப்பைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. எப்போது குறை சொல்லலாம் என்று காத்திருந்த நகரம் அது. இருந்தாலும், புதிதாக வந்த ஏழை அங்கே தன் குரலில் பாட முடியவில்லை என்பதும் உண்மைதானே?

இந்த இடத்தில்தான் தாமஸ் டார்சி வருகிறார். 1899-ல் ஜார்ஜியாவில் பிறந்தவர், சபைப் போதகரின் மகன். ஆனால் பிழைப்புக்கு வாசித்தது மதுக்கடைகளில் ஒலித்த ப்ளூஸ் என்ற கறுப்பின இசை. புகழ்பெற்ற பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். அந்தப் பியானோ நடையிலேயே பக்திப் பாட்டு எழுதி, தாளில் அச்சடித்துச் சபை சபையாகக் கொண்டுபோனார். மதுக்கடை இசை கோயிலுக்குள் எதற்கு என்று பல இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். பிறகு எபனேசர் பாப்டிஸ்ட் சபை இடம் கொடுத்தது. 1932-ல் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை அவரைப் பாடகர் குழுவுக்குத் தலைவராக்கியது. பாடகி சாலி மார்ட்டினையும் இங்கே சொல்லியாக வேண்டும். டார்சியின் பாட்டு வியாபாரத்துக்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்ததும், ஊர் ஊராகக் குழுக்களைச் சேர்த்ததும் அவர்தான். காஸ்பல் பரவியதில் பாதிப் பங்கு பெண்களுடையது என்றே நான் சொல்வேன்.

அதே 1932 ஆகஸ்டில் டார்சி செயிண்ட் லூயிஸ் நகரில் ஒரு எழுப்புதல் கூட்டத்தில், அதாவது பக்தியைத் தூண்டும் ஜெபக் கூட்டத்தில் இருந்தபோது தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் பியானோ முன் உட்கார்ந்து அவர் எழுதியதுதான் ‘டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்’. களைத்துவிட்டேன், என் கையைப் பிடித்து நடத்திச் செல் என்று ஆண்டவரிடம் கேட்கும் பாட்டு. மார்ட்டின் லூதர் கிங்குக்கு மிகவும் பிடித்தது. 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்படுவதற்குச் சற்று முன்பு, இன்றைய கூட்டத்தில் இதை வாசியுங்கள் என்று இசைக்கலைஞர் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் அதைப் பாடியவர் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன்.

மஹாலியாவும் தெற்கிலிருந்து வந்தவர்தான். நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, 1927-ல் சிகாகோவுக்கு வந்தார். டார்சியின் பாட்டுத் தாள்கள் விற்பதற்காகத் தெருமுனையில் நின்று பாடியிருக்கிறார்.

டார்சி பாடகர் குழுவை நடத்திய பில்கிரிம் சபையின் கட்டடம் முதலில் யூதர்களின் தொழுகைக்கூடமாக எழுப்பப்பட்டது. 2006-ல் கூரையில் பழுதுபார்ப்பு நடந்தபோது தீப்பிடித்து, வெளிச்சுவர்கள்தான் மிஞ்சின.

இந்த உரைக்குப் பின் மஹாலியா பாடிய ‘டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்’ பாட்டை ஒலிபரப்பும்படி நிலையத்தாரைக் கேட்டிருக்கிறேன். தாளத்தை எண்ணாதீர்கள், பிடிபடாது. ஒரு சொல்லை எவ்வளவு நேரம் இழுக்கிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துக் கேளுங்கள். வணக்கம்.