சோலையும் சீகையும்
(கோத்தகிரியில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, குன்னூரிலிருந்து மழையில் வந்து சேர்ந்த பேராசிரியை அம்மா அவர்களே, பொன்னாடைக்குப் பதிலாக நாவல் நாற்றைக் கையில் கொடுத்து என்னை நெகிழவைத்த மன்ற உறுப்பினர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆங்கில அகராதியில் ஒளிந்திருக்கும் ‘ஷோலா’ பற்றியும், அதைப் போலவே கப்பலேறிய கட்டுமரம், மிளகுத்தண்ணீர் பற்றியும் பேசச் சொன்னார்கள். அவை இரண்டும் இன்னொரு நாளைக்கு; இன்று சோலை.

ஷோலா நம் சோலைதான். இந்தியாவில் ஆங்கிலேயர் வழங்கிய சொற்களைத் தொகுத்து 1886-ல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் சொற்களஞ்சியத்தில் யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னலும் அதைத் தமிழ் என்றே பதிந்தார்கள். வெள்ளைக்காரர் வெயிலுக்கு அணிந்த சோலாத் தொப்பி வேறு. அது நெட்டியில் செய்தது, பெயரும் வடக்கத்தியது. நம் பழம்பாட்டில் சோலை எந்த மரக்கூட்டத்துக்கும் பொருந்தும். துரைமார் வாயிலோ, புல்வெளிகளுக்கு நடுவே ஓடை மடிப்பில் நிற்கும் குட்டை மரக்காட்டுக்கு மட்டும் பெயராயிற்று. தாவரவியலாரும் இன்று அப்படியே எழுதுகிறார்கள்.

பள்ளிப் பிள்ளைகளோடு ஒருமுறை மலையேறினோம். “சோலை வந்துடுச்சு சார்!” என்று ஒரு பையன் கத்தினான். எதிரே பச்சைப்பசேலென்று மரங்கள். பக்கத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மா கூடையை இறக்கிவிட்டு வந்தார். “இது சீகை, சாமி. மண்ணைத் தொட்டுப் பாரு” என்றார். தொட்டான், பொடியாக உதிர்ந்தது. வேலையை விட்டுவிட்டு அந்த அம்மாவே எங்களைக் கீழே மடிப்புக்குக் கூட்டிப்போனார். பாசி போர்த்திய காட்டுப்பூவரசு மரங்கள்; அதுதான் சோலை. அடியில் சருகை விலக்கியதும் பையனின் விரல் நனைந்தது. “நாங்க சின்னப்புள்ளையா இருந்தப்ப இந்த ஓடை சித்திரையிலயும் ஓடும்” என்றார். பிள்ளைகள் அதன்பிறகு பேசவே இல்லை. வந்த வெள்ளம் இருந்த வெள்ளத்தையும் அடித்துக்கொண்டு போனதாம்!

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இந்தச் சீகை மரத்துக்கு ஆங்கிலத்தில் வாட்டில். வளாரால் பின்னிய தட்டிக்குப் பழைய ஆங்கிலப் பெயர் அது. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் இம்மரத்தின் குச்சிகளைப் பின்னி, மண் பூசிச் சுவர் வைத்தார்கள். தட்டியின் பெயர் மரத்துக்கு வந்தது. விறகுக்காகவும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் இங்கே வளர்த்தார்கள். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸும் அந்த வழியில் வந்ததுதான். விதை புல்வெளியெங்கும் விழுந்தது. புல் போயிற்று, ஓடை மெலிந்தது. வந்த வெள்ளம், ஐயா, இருந்த வெள்ளத்தையும் அடித்துக்கொண்டுதான் போகிறது!

ஊருக்கு மேலுள்ள மடிப்பில் சீகைக் கன்றுகளை வேரோடு பிடுங்க வேண்டும். அங்கே நாவலும் காட்டுப்பூவரசும் நட வேண்டும். புல்வெளியில் மட்டும் எந்த மரத்தையும் நடாதீர்கள்; அது புல்லுக்குரிய இடம். வனத்துறைக்கான விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. தேநீருக்குப் போகுமுன் கையெழுத்திடுங்கள்.