மறதி நோய்க்குப் புராஸ்டேட் ஊசியா?

வணக்கம் நேயர்களே. புராஸ்டேட் புற்றுநோய்க்கும் கர்ப்பப்பை நார்க்கட்டிக்கும் போடப்படும் லூப்ரோலைடு ஊசியை அல்சைமர் நோய்க்கும் பயன்படுத்திப் பார்க்கும் முயற்சி அமெரிக்காவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அதில் உறுதியானது எவ்வளவு, ஊகம் எவ்வளவு என்று இன்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் மருந்து வேலை செய்யும் விதம். மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ், பத்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. ஒவ்வொரு முறை அது வரும்போதும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற, பாலுறுப்புகளைத் தூண்டும் இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடும். இந்த ஹார்மோனின் அமைப்பைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் ஆண்ட்ரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். லூப்ரோலைடு அதன் நகல்தான். ஆனால் சீக்கிரம் சிதையாது. விட்டுவிட்டு வரவேண்டிய கட்டளை ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி காதை மூடிக்கொள்கிறது. அதனால் முதல் ஓரிரு வாரம் ஹார்மோன் ஏறும். ஊசி போட்டு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அடியோடு விழும். தூண்டும் மருந்தே அடக்கும் மருந்தாவது இப்படித்தான்.

இதற்கும் மறதிக்கும் என்ன தொடர்பு? மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. அதுவரை இருந்த கடிவாளம் போவதால் எல்.எச். பல மடங்கு உயர்ந்து அப்படியே நிற்கிறது. குறைந்ததை ஈடுகட்டினால் மூளை பிழைக்கும் என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். 2003இல் வெளிவந்த பெரிய ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது: 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்ததில் மறதி நோய் குறையவில்லை, ஏறத்தாழ இரு மடங்கானது. ரிச்சர்ட் போவன், கிரெய்க் ஆட்வுட் போன்ற ஆய்வாளர்கள் மறுபக்கத்தைப் பார்த்தார்கள். குறைந்தது அல்ல, கூடியதுதான் குற்றவாளியோ என்று கேட்டார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸில் எல்.எச்.-ஐப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. உயர்ந்த எல்.எச்., இரண்டாகப் பிரியக்கூடாத நரம்பணுக்களைப் பிரியத் தூண்டி அழிக்கிறது என்பது அவர்கள் கருதுகோள். இது இன்னும் நிரூபணமாகவில்லை.

எல்.எச்.-ஐ அடக்கும் லூப்ரோலைடைக் கொடுத்துப் பார்த்த சோதனைக்கு வருவோம். 109 பெண்கள், எல்லோரும் 65 வயதோ அதற்கு மேலோ. ஆரம்ப, நடுத்தர நிலை அல்சைமர். 12 வாரத்துக்கு ஒருமுறை 11.25 மில்லிகிராம், 22.5 மில்லிகிராம் அல்லது மருந்தில்லாத வெற்று ஊசி. மொத்தம் 48 வாரம். 2015இல் வெளியான முடிவு: முதன்மை அளவுகோல்களில் மூன்று குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதாவது சோதனை தோற்றது.

ஆனால் அல்சைமருக்கு வழக்கமாகத் தரப்படும் டோனெபெசில் வகை மாத்திரையும் எடுத்துக்கொண்டவர்களைத் தனியே பார்த்தபோது, அதிக அளவு ஊசி போட்டவர்கள் நினைவாற்றல் தேர்வில் சராசரியாக 0.18 புள்ளிதான் சரிந்திருந்தார்கள். வெற்று ஊசிக்காரர்கள் 3.30. மனம் துள்ளுகிறது, உண்மைதான். இன்னொரு எண்ணையும் பாருங்கள்: குறைந்த அளவு ஊசி போட்டவர்கள் 4.21, வெற்று ஊசியைவிட மோசம். சிறு குழுவைப் பிரித்துப் பார்க்கும்போது தற்செயலும் இப்படி வேடம் போடும். ஆகவே இது விடையில்லை, அடுத்த சோதனைக்கான கேள்வி. அந்தக் கேள்வியைத்தான் நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டிரேசி பட்லர் குழு 'லூசிண்டா' என்ற ஆய்வில் எடுத்துக்கொண்டது: முதலிலேயே மாத்திரை எடுப்பவர்களை மட்டும் சேர்த்து, அதிக அளவையே சோதிப்பது. சரியான வழி அதுதான்.

ஊசி போடுவதிலேயே மருந்து வீணாகலாம். மூன்று மாத ஊசியின் ஒரு வகையில் தூளும் திரவமும் ஒரே சிரிஞ்சில் தனித்தனி அறைகளில் இருக்கும். சிரிஞ்சை நேராக நிறுத்தி, தண்டை 6 முதல் 8 நொடி எடுத்து மெல்லத் தள்ள வேண்டும். பிறகு பால்போல ஆகும்வரை மென்மையாகக் குலுக்க வேண்டும். கட்டியாக ஒட்டினால் விரலால் தட்டுவார்கள். அப்படியும் கலக்காத தூள் தெரிந்தால் போடக்கூடாது. கலக்கியதும் துகள்கள் வேகமாக அடியில் படியும். அதனால் தாமதம் கூடாது. இரண்டு மணி நேரம் கடந்தால் அந்தச் சிரிஞ்சையே எறிந்துவிட வேண்டும்.

கடைசியாக, வீட்டில் அப்பாவோ தாத்தாவோ புராஸ்டேட்டுக்காக இதைப் போட்டுக்கொண்டிருந்தால் இதைக் கவனியுங்கள். ஆண்களிடம் இந்த ஊசி டெஸ்டோஸ்டிரோனையும் ஒடுக்குகிறது. அப்படிச் சிகிச்சை பெறுபவர்களுக்கு மறதி கூடுகிறது என்று சொல்லும் கண்காணிப்பு ஆய்வுகளும் உண்டு, அப்படியில்லை என்று சொல்பவையும் உண்டு. எலும்பு தேய்வது மட்டும் உறுதி. அதற்காக ஊசித் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள். ஹார்மோன் மீண்டும் ஏறினால் கட்டியும் விழித்துக்கொள்ளும். மறதி தென்பட்டால், ஊசி போடும் மருத்துவரிடமே, அடுத்த தேதிக்கு முன்பே சொல்லுங்கள்.