எனாமல், எமல்ஷன், கோட்டிங்: ஜேர்மனில என்ன சொல்லுப் போடுறது?

கல்லடியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. பெயின்ற் ஒண்டின்ர தொழில்நுட்பத் தாளை இங்கிலீஷில இருந்து ஜேர்மனுக்கு மாத்துறாவாம். அகராதியில கிடக்கிற சொல்லைப் போட்டாச் சரிதானே எண்டு கேக்கிறா.

சரிவராது தங்கச்சி. எனாமலையே எடுங்க. அகராதி முதல்ல 'எமால்யெ' எண்டுதான் தரும். அது சூளையில சுட்டு உலோகத்தில ஒட்டவைக்கிற கண்ணாடிப் பூச்சு. நீல விளிம்பு வச்ச எனாமல் கோப்பை இருக்கே, அது. ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் பெயின்ற் 'லாக்'. அல்கிட் பிசினில செஞ்சதெண்டா 'குன்ஸ்ட்ஹார்ட்ஸ்லாக்'. சுவருக்கு அடிக்கிற எமல்ஷனும் அப்படித்தான், அங்க அது 'டிஸ்பெர்சியோன்ஸ்ஃபார்பெ'.

கோட்டிங்தான் கூடக் கவனிக்கிற இடம். இங்கிலீஷில டின்னுக்குள்ள கிடக்கிறதும் கோட்டிங், காய்ஞ்சு இரும்பில பிடிச்சிருக்கிறதும் கோட்டிங். ஜேர்மனில டின்னுக்குள்ள இருக்கிறது 'பெஷிஷ்டுங்ஸ்ஷ்டொஃப்', காய்ஞ்ச படலம் 'பெஷிஷ்டுங்'. "அடிக்க முதல் நல்லாக் கலக்கவும்" எண்ட வசனத்தில பெஷிஷ்டுங் வந்தா அர்த்தமே கெட்டுப்போகும். நம்மட கல்லடிப் பழைய பாலம் மாதிரி உப்புக்காத்தில நிக்கிற இரும்புக்கான தாளெண்டா, பெயின்றுக்குப் பொதுவாச் சொல்லுற வெறும் 'ஃபார்பெ' போடவே வேணாம். இரும்பைத் துருவில இருந்து காக்கிற பெயின்றுகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 12944. அதின்ர ஜேர்மன் பதிப்பைத் திறந்து வச்சு, அதில உள்ள சொல்லையே எடுங்க. அகராதியை விட நான் அதைத்தான் நம்புவன்.

மறுகா அளவுகள். அமெரிக்கத் தாளில 'மில்' எண்டு வரும். அது மில்லிமீற்றர் இல்ல, அங்குலத்தில ஆயிரத்தில் ஒரு பங்கு, 25.4 மைக்ரோமீற்றர். 5 மில் எண்டா 127 மைக்ரோமீற்றர். அதை 5 மில்லிமீற்றர் எண்டு எழுதினா தடிப்பு கிட்டத்தட்ட 40 மடங்கு. 'வொலியூம் சொலிட்ஸ்' எண்டா பெயின்ற்றின்ர கனவளவில காய்ஞ்ச பிறகு மிஞ்சுற பங்கு. அது வந்தா கனவளவுச் சதவீதம் எண்டு தெளிவா எழுதுங்க. 60 சதவீதமெண்டா, காய்ஞ்ச பிறகு 120 மைக்ரோமீற்றர் வர ஈரத்தில 200 அடிக்கணும். பாரத்தில பாத்தா அதே பெயின்ற் 75 சதவீதமாக் கூட இருக்கும். அந்த எண்ணை மாத்திப் போட்டா பெயின்ரர் 160 தான் அடிப்பார், காய்ஞ்சா 96 தான் மிஞ்சும். அந்த மெல்லிசான இடத்தில துரு முதல்ல வரும்.

இங்கிலீஷில 1.5 எண்டு புள்ளி வைக்கிற இடத்தில ஜேர்மனில காற்புள்ளி. ஆயிரத்துக்கு அப்படியே தலைகீழ்.

கடைசியா 'பொட் லைஃப்'. அது 'டொப்ஃப்ட்சைட்', எப்பொக்சி மாதிரிப் பெயின்றில, அதை இறுக வைக்கிற ஹார்ட்னரைக் கலந்த பிறகு பாவிக்கக்கூடிய நேரம். டின்னைத் திறக்காம வச்சிருக்கிற காலம் வேற, ரெண்டையும் குழப்பவேணாம். அந்த நேரத்துக்குப் பக்கத்தில 20 பாகை செல்சியஸ் மாதிரி ஒரு வெப்பநிலை நிக்கும், அதையும் விடாம எழுதுங்க. 10 பாகை கூடினா எப்பொக்சி கிட்டத்தட்டப் பாதி நேரத்திலயே வாளிக்குள்ள இறுகத் தொடங்கிரும்.