லூயிஸ் அணிந்த சீருடை, அலி மறுத்த சீருடை

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம்.

அமெரிக்காவின் ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன்களான ஜோ லூயிஸும் முகமது அலியும் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார்? குத்துச்சண்டை பேசும் இடங்களில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீராத வழக்கு இது. நான் மழுப்பப் போவதில்லை. 1966-ஆம் ஆண்டின் அலி, 1938-ஆம் ஆண்டின் லூயிஸைப் பதினைந்து சுற்றுகளில் புள்ளிக் கணக்கில் வென்றிருப்பார் என்பது என் தீர்ப்பு. லூயிஸைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன் நான். அப்படியும் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணம், லூயிஸின் பட்டத்துக்கு மோதிய பில்லி கான். 1941 ஜூன் 18, நியூயார்க், போலோ கிரவுண்ட்ஸ் மைதானம். கான், லூயிஸைவிடப் பத்துக் கிலோவுக்கும் மேல் எடை குறைந்தவர். அவரிடம் இருந்ததெல்லாம் வேகமான கால்களும் ஓயாத இடக்கையும்தான். பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று புள்ளிப் பட்டியல்களில் இரண்டில் அவரே முன்னிலையில் இருந்தார். பதின்மூன்றாவது சுற்றில் நாக் அவுட் ஆசை வந்தது. ஓடுவதை விட்டு நின்று குத்தினார். அந்தச் சுற்று முடிய இரண்டே விநாடிகள் இருந்தபோது லூயிஸின் கைகளால் வீழ்ந்தார். அதே கால்களை 191 சென்டிமீட்டர் உயரமும் தொண்ணூற்றைந்து கிலோ எடையும் உள்ள ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே சுற்றுகளில் முடித்த அலி அவர்தான்.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். லூயிஸின் குத்து நீண்டு வராது. தோளிலிருந்து ஒரு சாண் தூரம்தான் பயணம் செய்யும். கால்களைத் தரையில் இழைத்து, எதிராளியை மூலைக்கு ஒதுக்கி, மூன்று நான்கு குத்துகளை ஒரே மூச்சில் இறக்குவார். 1936-இல் ஜெர்மானியரான மாக்ஸ் ஷ்மெலிங், லூயிஸ் ஜாப் என்னும் நேர்க்குத்தை அடித்தபின் இடக்கை தாழ்வதைக் கண்டுபிடித்துப் பன்னிரண்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்து யாங்கி ஸ்டேடியத்தில் அதே ஷ்மெலிங்கை லூயிஸ் முடித்துவைக்க எடுத்துக்கொண்டது 124 விநாடிகள்!

அலியிடமும் குறை இருந்தது. கைகளை இடுப்பளவில் தொங்கவிட்டு, தலையை நேர்ப்பின்னால் இழுத்துத் தப்புவார். 1963-இல் ஹென்றி கூப்பரின் இடது ஹூக், அதாவது வளைந்து வரும் குத்து, அவரைத் தரையில் உட்கார வைத்தது. 1971-இல் ஜோ பிரேசியரின் இடது ஹூக்கும் அதையே செய்தது. லூயிஸ் இந்தக் குறையைக் கூர்ந்து பார்த்தவர். 1967 பிப்ரவரியில் 'தி ரிங்' என்ற குத்துச்சண்டை இதழில் தாம் எப்படி வென்றிருப்பேன் என்று எழுதினார். கயிற்றோரம் தள்ளி விலாவில் குத்துவேன் என்பதுதான் திட்டத்தின் சாரம். அந்தக் கட்டுரைத் தலைப்பில் அலி என்ற பெயர் இல்லை, காசியஸ் கிளே என்ற பழைய பெயர்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஏழு ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலி தாமாகவே கயிற்றில் சாய்ந்தார். அப்போதைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மனைக் குத்தவிட்டுக் களைக்கவைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். ஃபோர்மனின் குத்துகள் அகலமாகச் சுழன்று வந்தவை. பாதி காற்றிலும் கைகளிலும் வீணாயின. லூயிஸ் குத்துகளை வீணாக்கியவர் அல்லர். அவர் முன்னால் அலி கயிற்றில் சாய்ந்திருந்தால் எழுந்து வந்திருக்க மாட்டார். என் தீர்ப்பில் எனக்குள்ள ஒரே நடுக்கம் அதுதான்.

ஆனால் நான் இங்கே பேச வந்தது வேறொரு கணக்கை. 1942 மார்ச்சில் ஏப் சைமனுடன் மோதிய லூயிஸ், பட்டத்துக்காக அடுத்து மேடையேறியது 1946 ஜூனில். 1967 மார்ச்சில் ஸோரா ஃபோலியுடன் மோதிய அலி, அடுத்து மேடையேறியது 1970 அக்டோபரில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவருக்கு, மூன்றரை ஆண்டுகள் மற்றவருக்கு. இருவரின் நல்ல வயதையும் போர்தான் விழுங்கியது. இரண்டாம் உலகப் போரில், நாம் கடவுளின் பக்கம் நிற்பதால் வெல்வோம் என்று சொல்லி லூயிஸ் சீருடை அணிந்தார். வியட்நாம் போரில் அமெரிக்காவை எதிர்த்த வியட்காங்குகளோடு தமக்குச் சண்டை ஏதும் இல்லை என்று சொன்ன அலி, 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டனில் ராணுவத்தில் சேர்க்கத் தம் பெயர் அழைக்கப்பட்டபோது முன்னே வர மறுத்தார். பட்டம் போனது, உரிமம் போனது, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1971-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

அலியின் துணிச்சலை உலகம் அறியும். லூயிஸை வெள்ளையருக்கு அடங்கிப் போனவர் என்று ஏசினார்கள். இளமையில் அலியும் ஏசினார். அது அநியாயம். முதல் கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனான ஜாக் ஜான்சன் 1915-இல் பட்டத்தை இழந்தபின், இருபத்திரண்டு ஆண்டுகள் எந்தக் கறுப்பினத்தவருக்கும் அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே தரப்படவில்லை. வீழ்ந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே, வெள்ளைக்காரப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே என்று லூயிஸின் மேலாளர்கள் விதித்தது அந்தப் பூட்டைத் திறக்கத்தான். 1937-இல் அவர் திறந்தார். பட்டத்தை இருபத்தைந்து முறை காத்தார். திறந்த வாசல் வழியே வந்தவர்களுள் அலியும் ஒருவர். ராணுவத்திலும் லூயிஸ் வாய்மூடி இருந்துவிடவில்லை. ஃபோர்ட் ரைலி முகாமில் பின்னாளில் பேஸ்பால் ஆட்டக்காரராகப் புகழ்பெற்ற ஜாக்கி ராபின்சன் போன்ற கறுப்பின வீரர்களுக்கு அதிகாரிப் பயிற்சி மறுக்கப்பட்டபோது, அவர்களுக்காகத் தம் செல்வாக்கைப் பயன்படுத்தினார்.

கைம்மாறு என்ன கிடைத்தது? 1942-இல் இரண்டு போட்டிகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். அந்தப் பணத்துக்கும் சேர்த்து வரித்துறை அவரிடம் வரி கேட்டது. வட்டியும் அபராதமும் ஏறிக் கடன் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதனால்தான் ஓய்வு பெற்றவர் மறுபடி கையுறை மாட்டினார். 1951 அக்டோபர் 26, மாடிசன் ஸ்கொயர் கார்டன், எட்டாவது சுற்று. முப்பத்தேழு வயது லூயிஸை ராக்கி மார்சியானோ கயிறுகளுக்கு வெளியே விழும்படி அடித்தார்.

அலியை நம்மூரில் நேரில் கண்டவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். 1980-இல் அவர் சென்னை வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, முப்பத்தெட்டு வயதில், லாஸ் வேகாஸில் லாரி ஹோம்ஸ் முன் நின்றார். பத்துச் சுற்றுகள் அடிவாங்கினார். பதினொன்றாவதுக்கு அவரை அனுப்பப் பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டி மறுத்துவிட்டார்.

மார்சியானோ தோற்றவரின் அறைக்குப் போய் அழுதார். ஹோம்ஸும் அழுதார்.