ஆன்ட்டிசிபேட் என்றால் வெறும் எதிர்பார்ப்பு இல்லை

வணக்கம் மக்களே! இன்றைக்கு வேறு தலைப்பு வைத்திருந்தேன், தள்ளி வைத்துவிட்டேன். காலையில் வந்த ஒரு மின்னஞ்சல்தான் காரணம். ஒரு நிறுவனம் தங்கள் செயலியைப் பற்றி வீடியோ போட முடியுமா என்று கேட்டிருக்கிறது. கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் கடைசி வரி, 'தேங்கிங் யூ இன் ஆன்ட்டிசிபேஷன்', அதாவது செய்வீர்கள் என்று நம்பி முன்கூட்டியே நன்றி.

இந்த வரி எனக்கு அறவே ஆகாது. கடிதம் எழுதும் வீடியோ பார்த்தவர்களுக்கு இது தெரியும். நான் இன்னும் சரி என்றே சொல்லவில்லை, அதற்குள் எதற்கு நன்றி? நான் செய்துவிடுவேன் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டால், மறுப்பதற்கு எனக்கு இடம் எங்கே இருக்கிறது? 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்' என்று தொடங்கிக் கேட்டுப் பாருங்கள். அதே வேண்டுகோள்தான், ஆனால் முடிவு எதிராளி கையில் இருக்கும். படிக்கவே எவ்வளவு இதமாக இருக்கிறது! அதுவும் நீளம் என்றால் வெறும் 'தேங்க் யூ' போதும். தயவுசெய்து அந்தப் பழைய வரியை விட்டுவிடுங்கள்.

சரி, அந்த வரியில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. இந்தச் சொல்லின் உயிர் அதில் அப்படியே தெரிகிறது. லத்தீனில் 'ஆன்ட்டே' என்றால் முன்னால், 'காப்பெரே' என்றால் எடுப்பது, பிடிப்பது. நடப்பதற்கு முன்பே ஒன்றைக் கைப்பற்றிவிடுவது. வேலை நடக்கும் முன்பே நன்றியை நீட்டுவதும் அதுதானே?

நாம் எக்ஸ்பெக்ட், ஆன்ட்டிசிபேட், லுக் ஃபார்வர்ட் டு எல்லாவற்றுக்கும் 'எதிர்பார்ப்பது' என்று எழுதி மனப்பாடம் செய்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். மழையை எக்ஸ்பெக்ட் செய்பவர் மழை வரும் என்று நினைக்கிறார், அவ்வளவுதான். ஆன்ட்டிசிபேட் செய்பவர் குடையை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார். இன்றைய அகராதிகள் இரண்டையும் ஒரே பொருளிலும் ஏற்கின்றன. 'வீ ஆன்ட்டிசிபேட் அ டிலே' என்று யாராவது எழுதினால் சிவப்பு மையால் திருத்தாதீர்கள். ஆனாலும் முன்கூட்டியே செயல்படுவது என்ற பொருளைத் தொலைத்துவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கால்பந்து பாருங்கள். பெனால்டி புள்ளி கோலிலிருந்து 11 மீட்டர். பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், கோட்டைத் தொட சுமார் 0.4 விநாடிதான் ஆகும். அதற்குள் கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, உடம்பு மூலை வரைக்கும் பாய வேண்டும். உதைத்த பிறகு யோசித்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. அதனால்தான் கோல்கீப்பர் ஓடிவருபவரின் இடுப்பையும், ஊன்றும் காலையும் பார்த்து முன்பே ஒரு பக்கம் சாய்கிறார். வர்ணனையாளர் 'கிரேட் ஆன்ட்டிசிபேஷன்' என்று கத்துவது இதற்குத்தான். அந்த இடத்தில் 'எக்ஸ்பெக்டேஷன்' போட்டுப் பாருங்கள், ஒட்டவே ஒட்டாது.

காப்புரிமைச் சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. உங்கள் கண்டுபிடிப்பு ஏற்கெனவே முழுமையாக வெளியாகியிருந்தால், அது 'ஆன்ட்டிசிபேட்டட்', புதியது இல்லை, உரிமை கிடையாது. மருத்துவத்தில் இன்னும் வியப்பு. ஹன்டிங்டன் நோய் என்பது மூளையைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய். அதில் ஒரு மரபணுவுக்குள் சி, ஏ, ஜி என்ற டி.என்.ஏ. எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அடுத்த தலைமுறையில் அந்த எண்ணிக்கை கூடினால், நோய் பெற்றோரைவிட இளம் வயதிலேயே தொடங்கலாம். இதற்கும் ஆன்ட்டிசிபேஷன் என்றுதான் பெயர். அங்கே யாரும் எதையும் ஆவலாகக் காத்திருக்கவில்லை. நோய்தான் முந்திக்கொள்கிறது.

இப்போது அன்றாடப் பேச்சு. 'ஐ ஆன்ட்டிசிபேட் ப்ராப்ளம்ஸ்' சரி, 'ஐயம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ப்ராப்ளம்ஸ்' சொன்னால் சிரிப்பார்கள். லுக் ஃபார்வர்டில் ஆசை இருக்கிறது, ஆன்ட்டிசிபேட் நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. ஆவலைக் காட்ட வேண்டுமா, 'ஈகர்லி' சேர்த்துக்கொள்ளுங்கள். 'மச் ஆன்ட்டிசிபேட்டட்' எனக்கும் பிடிக்கும், ஆனால் வருகிற ஒவ்வொரு ட்ரெய்லருக்கும் அதை ஒட்டுவது கொடுமை.

அப்புறம் வாக்கியம். 'ஆன்ட்டிசிபேட் ஹேவிங்' வரும், 'ஆன்ட்டிசிபேட் டு ஹேவ்' வராது. லுக் ஃபார்வர்ட் டு-வுக்குப் பிறகும் 'ஹியரிங்' தான், 'ஹியர்' இல்லை. இதைப் போன வீடியோவிலும் சொன்னேன், இன்னும் சொல்வேன்!

இருங்கள், உச்சரிப்பைச் சொல்லாமலே போகிறேனே. ஆன்-டி-சி-பேட், அழுத்தம் இரண்டாவது அசையான 'டி' மேல். பெயர்ச்சொல் ஆகும்போது அழுத்தம் நகர்ந்து 'பே' மேல் விழும்: ஆன்டிசி-பே-ஷன். இரண்டையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். அடுத்த வீடியோவில் 'அவெய்ட்'. அதற்குப் பின்னால் 'ஃபார்' போடுபவர்கள் கட்டாயம் வாருங்கள்.