மருந்து எழுதும் மருத்துவர் சட்டம் பேசலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நேயர் ஒருவர் கேட்கிறார்: "டாக்டர், நரம்பியல் மருத்துவர்கள் சிலர் அமைச்சரைப் பார்ப்பது, மனு கொடுப்பது, சட்டத்தைத் திருத்தச் சொல்வது என்று இறங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் இன்னும் நாலு நோயாளியைப் பார்க்கலாமே? கொள்கை பேசுவது மருத்துவர் வேலையா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அது மருத்துவர் வேலைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

வலிப்பு நோயைப் பாருங்கள். உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இருக்கிறது. சரியாகக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் இவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஏழை நாடுகளில் நாலில் மூன்று பேருக்கு அந்தச் சிகிச்சை கிடைப்பதில்லை. இத்தனைக்கும் பினோபார்பிட்டால் என்ற மாத்திரை 1912-லிருந்து வலிப்புக்குப் பயன்படுகிறது. விலையும் ரொம்பக் குறைவு.

அப்புறம் எங்கே சிக்கல்? மனநிலையை மாற்றும் பொருட்கள் பற்றிய 1971-ஆம் ஆண்டு ஐ.நா. ஒப்பந்தத்தில் அந்த மருந்து இருக்கிறது. தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்பதற்காக வைத்த கட்டுப்பாடு, அது தேவைதான். ஆனால் அதற்கென்று அனுமதி, தனிப் பதிவேடு, கணக்கு என்று கெடுபிடி கூடும்போது, சிறிய மருத்துவ நிலையங்கள் அதை வாங்கி வைப்பதையே விட்டுவிடுகின்றன.

அதன் பலன் எங்கள் மேசைக்கு வந்து சேர்கிறது. வலிப்பு நோய் பார்க்கிற எந்த மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். பிள்ளையின் அம்மா பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுப்பார். உள்ளே மாத்திரைகள், எல்லாம் பாதி பாதியாக உடைத்தது, ஓரமெல்லாம் உதிர்ந்து தூளாக இருக்கும். "அடுத்து எப்போ வருமோ தெரியலை டாக்டர், அதான் ராத்திரிக்கு மட்டும் பாதி கொடுக்கிறேன்" என்பார். அளவு குறைந்தால் வலிப்பு திரும்பும். மருந்து திடீரென்று நின்றே போனால், வலிப்பு அடங்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த அம்மாவுக்கு நான் சீட்டில் என்ன எழுதிக் கொடுத்து என்ன பயன்? மருந்து அங்கே இருப்பு இருக்க வேண்டும். அதை முடிவு செய்கிறவர் வேறொரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் போய்ச் சொல்லத்தான் வேண்டும்.

சொன்னால் நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. பக்கவாதத்தை எடுங்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று ஒரு மதிப்பீடு உண்டு. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எல்லா மருத்துவமனையிலும் நரம்பியல் மருத்துவர் இருக்க மாட்டார். வீடியோவில் ஒருவர் ஸ்கேனைப் பார்த்து, "கையைத் தூக்குங்கள், சிரியுங்கள்" என்று நோயாளியைச் சோதித்து, ஊசி போடலாமா என்று சொல்லிவிடலாம். ஆனால் அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், பெரும்பாலும் கிராமப்புற நோயாளிகளுக்கு மட்டுமே இதற்குப் பணம் கொடுத்தது. நகரத்தில் இருப்பவருக்கு மட்டும் மூளை மெதுவாகவா சாகும்? அமெரிக்க நரம்பியல் அகாடமியும் இன்னும் சில அமைப்புகளும் விடாமல் வாதாடின. 2018-ல் சட்டம் மாறியது. 2019 ஜனவரியிலிருந்து நோயாளி எங்கே இருந்தாலும் காப்பீடு உண்டு. ஒரு மருத்துவர் எத்தனை வருடம் ஓடியாடிப் பார்த்தாலும் அத்தனை பேரைத் தொட்டிருக்க முடியாது.

மருந்து தவிர, சட்டமே காயப்படுத்துகிற இடங்களும் உண்டு. அமெரிக்காவில் 1970-கள் வரை வலிப்பு உள்ளவரை உணவகத்துக்குள்ளும் தியேட்டருக்குள்ளும் விடாமல் தடுக்கச் சட்டம் இடம் கொடுத்தது. இந்தியத் திருமணச் சட்டங்களில் வலிப்பு நோய் ஒரு தடையாக இருந்தது; அது நீங்கியது 1999-ல்தான். இதையெல்லாம் எந்த மாத்திரை சரிசெய்யும்?

2022 மே மாதம் உலக சுகாதார சபையில் நாடுகள் ஒரு பத்தாண்டுத் திட்டத்தை ஏற்றுக்கொண்டன. வலிப்பும் மற்ற நரம்பியல் நோய்களும் பற்றியது, 2031 வரைக்கும். வலிப்பு உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்குத் தங்கள் நோய் சிகிச்சை அளிக்கக்கூடிய மூளை நோய் என்று தெரிய வேண்டும், 80 சதவீதம் பேருக்குக் கட்டுப்படியாகும் விலையில் மருந்து கிடைக்க வேண்டும், சிகிச்சை பெறுவோரில் 70 சதவீதம் பேருக்கு வலிப்பு கட்டுக்குள் வர வேண்டும் என்பது இலக்கு. அரசுகள் ஒத்துக்கொண்ட விஷயம் என்பதால், "நீங்கள் சொன்னதைத்தான் கேட்கிறோம்" என்று நாம் தைரியமாகப் போய் நிற்கலாம்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர்களின் கட்டணத்துக்காகவோ, ஒரு மருந்து கம்பெனிக்காகவோ பேசுவதை நோயாளிக்காகப் பேசுவதாகக் காட்டக் கூடாது. கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போகும்போது பத்துக் கோரிக்கையோடு போகாமல் ஒன்றோடு போக வேண்டும். முடிந்தால் நோயாளியையோ குடும்பத்தாரையோ கூட அழைத்துப் போக வேண்டும். நான் அரை மணி நேரம் பேசுவதைவிட அந்த அம்மா பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாலே போதும்.

சரி, நேயருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் யாராவது வலிப்பு மாத்திரை எடுக்கிறார்களா? மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிய நாட்கள், மருந்தின் பெயர், எத்தனை வேளை விட்டுப்போனது, அதற்குப் பிறகு வலிப்பு வந்ததா, இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். அதிகாரியிடம் போகும்போது அவர் கையில் அது இருக்கட்டும். அதுவரை, மருந்து தீரப்போகிறது என்று தெரிந்தால் நீங்களாக அளவைக் குறைக்காதீர்கள். உடனே மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.